வாசல் பக்கத்துக் கேன்

படகுக்காரரிடம் தெரியாத்தனமாக என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது. அக்கரைக்குப் போகிற அவசரமெல்லாம் அப்புறம்தான். படகு நிறையும்வரை துறையில் காத்திருக்க வேண்டும் அல்லவா, அந்த நேரம் முழுக்க அவருக்குச் சொந்தம். டீ குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளே கட்டைவிரலை விட்டு ஆட்டிக் காட்டுவார்.

"இந்தா, இது சிலிண்டர். இந்த விரல்தான் பிஸ்டன். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் என்ன பண்ணும்? கீழ இறங்கும்போது பெட்ரோலையும் காத்தையும் சேத்து இழுக்கும். மேல ஏறும்போது அதை அமுக்கும். அமுக்கினதுல பொறி பட்டதும் வெடிச்சுக் கீழ தள்ளும். மறுபடி ஏறும்போது புகையைத் துப்பும். இழு, அமுக்கு, வெடி, துப்பு. ரெண்டு தடவை ஏறி இறங்கினா ஒரே ஒரு வெடி. ஒரு சுத்து வேலை, ஒரு சுத்து வெட்டி."

"உங்களுதுண்ணே?" என்று கேட்பாள் காய்கறிக்காரம்மா. அவளுக்கு இது மனப்பாடம். இருந்தாலும் கேட்பாள். கேட்டால் கூடையைப் படகில் ஏற்ற அவர் ஒரு கை கொடுப்பார்.

"நம்மளுது ரெண்டு ஸ்ட்ரோக். ஒரு ஏத்தம், ஒரு இறக்கம், வேலை முடிஞ்சுது. பிஸ்டன் மேல அமுக்கிக்கிட்டு இருக்கும்போதே கீழ அடுத்த வேளைக்கு வேண்டியதை இழுத்து வச்சுக்கும். வெடிச்சு இறங்கும்போதே பழைய புகையை வெளிய தள்ளி, புதுசை உள்ள விட்டுக்கும். சுத்துக்கு ஒரு வெடி. வால்வு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சிலிண்டர் சுவத்துல ஓட்டைங்க இருக்கு, பிஸ்டன் போகவர அதுவே தொறக்கும், அதுவே மூடும்."

"எண்ணெய்?"

"அங்கதான் விஷயமே. நாலு ஸ்ட்ரோக்குக்கு அடிவயித்துல தனியா எண்ணெய் கிடக்கும். நம்மளுதுக்கு அடிவயித்து வழியாத்தான் பெட்ரோலே போகணும். அங்க எண்ணெயைத் தேக்கி வைக்க முடியுமா? அதனால பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து அனுப்பணும். போற வழியெல்லாம் அது தடவிக்கிட்டே போகும்."

யார் கலப்பது என்பதை மட்டும் சொல்லமாட்டார். மறைக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதருக்கு அது நினைவிலேயே வராது.

கலந்தது அவர் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அவருக்குக் கையில் காயம், கட்டுப் போட்டிருந்தார். அன்றைக்கு அவள் கலந்து கொடுத்தாள். காயம் ஆறிவிட்டது, வேலை அவளிடமே தங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. சாயங்காலம் பங்க்கிலிருந்து அவர் பெட்ரோல் கேன்களைக் கொண்டுவந்து கொட்டகையின் உள்மூலையில் வைப்பார். விடிந்ததும் அவள் போய், மகள் பால் குடித்த பழைய புட்டியில் கோடு பார்த்து எண்ணெயை அளந்து, கேனில் ஊற்றிக் குலுக்கி, கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைப்பாள். அவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வருவார். வாசலில் இருக்கிற கேனைத் தூக்குவார், போவார். உள்மூலையில் இருப்பது வெறும் பெட்ரோல், வாசலில் இருப்பது கலந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகித் தூரத்து நகரத்துக்குப் போன பிறகும் இப்படியேதான் நடந்தது.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது மனைவி கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால், சில மாதத்துக்கு ஆகும்படி கொட்டகையில் சேர்த்து வைத்திருந்த அத்தனை கேன்களையும் கலந்து வாசல் பக்கத்துச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்தாள்.

"இது தீர்றதுக்குள்ள வந்துடுவேங்க," என்றாள்.

"அவசரமில்ல, நல்லா இருந்து பாத்துட்டு வா," என்றார். பெரிய மனது பண்ணிச் சொல்வதாக நினைப்பு.

குழந்தை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. இடையில் ஒருமுறை இவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாடிமேல் மாடியாக அடுக்கிய கட்டடத்தில் மகளுக்கு ஒரு வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். காலையில் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக ஓட, இவர் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியோ அந்த வீட்டில் பம்பரமாகச் சுற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு மாடிப்படியில் நின்று சிரித்துப் பேசினாள். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பதே அவருக்குப் புதுசு. துறையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

வந்தபின் வீடு பெரிதாகிவிட்டது. ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, சோற்றோடு சட்டியிலேயே பிசைந்து நின்றபடி சாப்பிடுவார். ஒரு தட்டைக் கழுவுவதற்கு எதற்கு இத்தனை தண்ணீர் என்று தோன்றும். வானொலியை வைத்துவிட்டு அதற்குப் பதில் சொல்வார். "ஆமாமா, நீ சொல்லுவே, மழை வரும்னு. போன வாரமும் இதைத்தான் சொன்னே," என்பார். அப்புறம் தன் குரலைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்.

அவள் கலந்து வைத்த கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசிக் கேன் வந்ததும் மனிதர் கஞ்சனாகிவிட்டார். நீரோட்டத்தோடு போகும்போது என்ஜினை அடக்கி ஓட்டினார். ஆள் குறைவாக இருந்தால் துடுப்பைப் போட்டார். கலக்கத் தெரியாமலா? ஊருக்கே பாடம் எடுக்கிறவர். அந்தக் கேன் தீர்ந்து, தானே உட்கார்ந்து ஒரு கேன் கலந்துவிட்டால், அவள் சொன்ன பேச்சு தவறிவிட்டது என்று ஆகிவிடும். அது ஆக வேண்டாம் என்றுதான் அவர் இப்படிச் சொட்டு எண்ணி ஓட்டினார். துறையில் கேட்பவர்களிடம், "அடுத்த வாரம் வந்துருவா," என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அந்தக் கேனும் அடிமட்டத்துக்கு வந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் உள்மூலையில் ஒழுகியது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் என்ஜின் படுத்துவிடும் என்று, பங்க்கிலிருந்து வாங்கிவந்து கலக்காமலே அங்கே வைத்திருந்த கேன்களைச் சாயங்காலமே தூக்கி வந்து வாசல் பக்கமாக வைத்தார். காலையில் மழை விட்டிருந்தது. ஆறு பழுப்பாகப் பெருகியிருந்தது. இவர் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கை நீண்டு வாசலில் இருந்த கேனைத் தூக்கிக்கொண்டது. டாங்க்கில் ஊற்றும்போது நிறத்தைப் பார்த்தாரா, மோந்து பார்த்தாரா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். வாசலில் இருக்கிற கேனை யாராவது மோந்து பார்ப்பார்களா?

டாங்க்கின் அடியில் அவள் கலந்தது கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தத் தயவில் முதல் நடை போய்வந்தது. அடுத்த நடை காய்கறிக்காரம்மா, அவள் கூடைகள், அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர், இன்னும் நாலைந்து பேர். பாதி ஆறு தாண்டுமுன் என்ஜின் சத்தம் மாறியது. தடித்த சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறியது. இவர் விசையைத் தணிப்பதற்குள் உள்ளே ஏதோ இறுகிப் பிடித்தது போல இழுத்து, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு அசையவில்லை. சுவரில் கட்டிய கயிற்றை இழுப்பது போலிருந்தது.

அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. படகு தன்பாட்டில் நீரோட்டத்தில் திரும்பத் தொடங்கியது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் காய்கறிக்காரம்மா.

"ஒண்ணுமில்ல. யாரும் எழுந்திருக்காதீங்க. டீச்சரம்மா, உங்க காலுக்கடியில துடுப்பு இருக்கு, அதை எடுங்க."

பெருகிய ஆற்றில் அத்தனை பேரை வைத்துத் துடுப்புப் போடுவது விளையாட்டில்லை. துறைக்கு வெகு கீழே, சேற்றங்கரையில் கொண்டுபோய் ஒதுக்கினார். மூச்சு வாங்கியது. டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். கரையேறியதும் கை கொடுத்து மற்றவர்களையும் இறக்கிவிட்டார். அதுதான் இவருக்குச் சுருக்கென்றது.

"பரவால்லண்ணே, என்ஜினைவிட நீங்க நல்லாத்தான் ஓடுறீங்க," என்றாள் காய்கறிக்காரம்மா, கூடையைத் தலைக்கு ஏற்றியபடி. இவரால் சிரிக்க முடியவில்லை. அத்தனை உயிரையும் நடு ஆற்றில் நிறுத்திவிட்டோமே என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

என்ஜினை அவிழ்த்து ஒரு தள்ளுவண்டியில் போட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி, தலை மட்டும் அகலம். இவருக்குப் பழைய கூட்டாளி. சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டனை மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கி வெளியே எடுத்தார். பக்கவாட்டில் முழுக்க நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள். பிஸ்டனின் அலுமினியம் சூட்டில் இளகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது.

ஸ்பேனர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார். "சொட்டு எண்ணெய் இல்ல. வெறும் பெட்ரோலா ஊத்துனே?"

"ம்."

"நீயா?"

"நான்தான்யா. எத்தனை தடவை கேப்பே?"

"இல்ல, ஊருக்கெல்லாம் டம்ளரை வச்சுக்கிட்டுப் படம் காட்டுவியே, அதான் கேட்டேன்."

"கேன் வாசல்ல இருந்துச்சு."

"வாசல்ல இருந்தா?"

சொல்லிப் புரியவைக்கிற விஷயமா அது? ஆனால் ஸ்பேனருக்கு அந்த வீட்டில் டீ குடித்த பழக்கம் உண்டு. கொட்டகையில் அவள் குத்த வைத்து உட்கார்ந்து கேனைக் குலுக்குவதைப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் பிஸ்டனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கிண்டலெல்லாம் போய்விட்டது.

"இதைச் சரி பண்ணலாம். சிலிண்டரைக் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போடணும். சாமான் வரணும், நாளாகும். இல்லேன்னா எங்கிட்ட நாலு ஸ்ட்ரோக் ஒண்ணு நிக்குது. ஒருத்தர் ஓட்டிட்டுக் கொடுத்தது, ஆனா நல்லா இருக்கு. எண்ணெய் அதுக்குள்ளயே கிடக்கும். எப்பவாவது குச்சியை உருவி, கோட்டுக்கு இருக்கான்னு பாத்துக்கிட்டாப் போதும். கலக்குற வேலையே கிடையாது."

"எனக்கு எதுக்கு அந்த வெட்டிச் சுத்து?"

"தனியா இருக்கிறவனுக்கு அதுதான் தோது," என்றார் ஸ்பேனர்.

"யாரு தனியா இருக்கா? ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா."

"வரட்டும். வந்தா நல்லது. நாளைக்குச் சொல்லு, எது பண்ணட்டும்னு."

வீடு திரும்பும்போது அவருக்கு ஸ்பேனர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாதி வழியில் கோபம் தீர்ந்து பயம் வந்தது. இதுவரைக்கும் அவள் வருகிறாளா இல்லையா என்பதை யாரும் முடிவு செய்யவில்லை. இப்போது ஒரு என்ஜினை வைத்து அவர் முடிவு செய்தாக வேண்டும். பழையதைக் கடையக் கொடுத்தால் அவள் வருவாள் என்று அர்த்தம். புதியதை மாட்டினால் வரமாட்டாள் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி.

கேட்டுவிட வேண்டியதுதான். கேட்கத்தான் வாய் வர வேண்டுமே. இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் போட்டார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். குழந்தை?"

"இப்பத்தான் தூங்குது. மெதுவாப் பேசுங்க."

"ஒண்ணு கேக்கணும். நீ கேன்ல எண்ணெய் எவ்வளவு ஊத்துவே?"

அந்தப் பக்கம் சிரித்தாள். "உங்களுக்கா தெரியாது?"

"கணக்குத் தெரியும். நீ எப்படி ஊத்துவேன்னு கேக்குறேன்."

"எப்படின்னா என்னத்தச் சொல்றது. முதல்ல பாதிக் கேன் பெட்ரோல். அப்புறம் புட்டியில மேல் கோட்டுக்கு எண்ணெய். ஊத்திட்டு, அந்தப் புட்டியிலயே கொஞ்சம் பெட்ரோலை விட்டு அலசி அதையும் ஊத்திடுவேன், ஒட்டிக்கிட்டு இருக்குமே. மூடி போட்டு நல்லாப் புரட்டிட்டு, மிச்சப் பெட்ரோலை ஊத்தி இன்னொரு தடவை குலுக்குவேன். குளிர் நாள்ல எண்ணெய் இறங்காது, கையில வச்சுச் சூடு காட்டணும்." நிறுத்தினாள். "ஏன், என்ன ஆச்சு?"

"என்ஜின் இறுகிப் பிடிச்சுக்கிச்சு."

"எங்க? தண்ணியிலயா? ஆளுங்க இருந்தாங்களா?"

"கரை சேத்துட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"கலக்காம ஊத்திட்டீங்களா?"

"கேன் வாசல்ல இருந்துச்சு," என்றார்.

அவளுக்கு அது போதும். சொல்லிப் புரியவைக்க முடியாதது அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்படியே அவள் அந்தப் பக்கம் இருந்தாலே போதும் என்றுகூட அவருக்கு இருந்தது.

"ஸ்பேனர் நாலு ஸ்ட்ரோக் ஒண்ணு இருக்குங்கிறான்," என்றார் கடைசியில். "பழசையும் சரி பண்ணலாமாம். நாளாகுமாம். ஆனா பரவால்ல, அதுக்குள்ள நீயும்..."

இதற்குமேல் அவரால் கேட்க முடியாது. தன் வாழ்நாளில் அவளிடம் அவர் கேட்ட பெரிய கேள்வி இவ்வளவுதான்.

"என்னங்க," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நான் வர்றேன் வர்றேன்னு சொன்னது பொய் சொல்லணும்னு இல்ல. வரணும்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் குழந்தையைத் தூக்கி வச்சிருந்தப்ப என் கையை மோந்து பாத்தேன். பால் வாசம் அடிச்சுது. எத்தனை வருஷமா, சோப்புப் போட்டு, சாம்பல் போட்டுத் தேச்சாலும் போகாத பெட்ரோல் வாசம் எனக்கு. சோறு பிசைஞ்சா சோத்துல அடிக்கும். நீங்க ஒருநாளாவது கவனிச்சிருப்பீங்களா?"

"சொல்லியிருக்கலாமே."

"சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? குத்தமாச் சொல்லல. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். இங்க என்னை நாலு பேரு கூப்பிடுறாங்க, பேசுறாங்க. அங்க நாள் பூரா அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு, நீங்க எப்ப வருவீங்கன்னு உக்காந்திருப்பேன். நீங்க இங்க வந்துடுங்க. மகளும் அதான் சொல்றா."

"அங்க வந்து நான் என்னம்மா பண்ணுவேன்? பாத்தேல்ல."

"பாத்தேன். அதான் நானும் கட்டாயப்படுத்தல." குழந்தை சிணுங்கியது. அவள் ஒரு கையால் தட்டிக்கொடுப்பது இங்கே கேட்டது. "நீங்க அங்க இருங்க. நான் இங்க இருக்கேன். நமக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல. அந்த நாலு ஸ்ட்ரோக்கையே வாங்கிடுங்க. கலக்குற தொல்லை இல்லாம இருக்கும். எனக்கும் நிம்மதியா இருக்கும், நீங்க தண்ணியில போகும்போது."

"சரி," என்றார். போனை வைத்தபிறகும் இன்னொரு தடவை "சரி" என்றார். வானொலியைப் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சொன்னது இந்தச் சுவரைத்தான். எவ்வளவு நேரம்தான் இதைப் பார்க்க முடியும் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

ஸ்பேனருக்கு என்ன கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்பதெல்லாம் நமக்கு வேண்டாத கதை. புது என்ஜினை மாட்டிய அன்று ஸ்பேனரே துறைக்கு வந்து நின்றார். குச்சியை உருவி எண்ணெய்க் கோட்டைக் காட்டினார். இவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் ஓடத் தொடங்கியது. புகை இல்லை. சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எப்படி?" என்றார் ஸ்பேனர்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் படகுக்காரர்.

வழக்கமான ஆட்கள் ஏறினார்கள். டீச்சர், கூடைகளோடு காய்கறிக்காரம்மா, இன்னும் சிலர். படகு துறையை விட்டு விலகியது. கொஞ்ச தூரம் போனதும் முன்பலகையில் யாரோ யாரிடமோ பல்வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது இவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக என்ஜின் ஓடும்போது இந்த ஆற்றின்மேல் அவர் மனிதக் குரல் கேட்டதே இல்லை. பழைய என்ஜின் முடுக்கியதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், அக்கரையில் இறங்கித்தான் மறுபடி பேச்சு. தண்ணீர் பலகையில் மோதுவது கேட்டது. டீச்சர் பையைத் திறந்து மூடியது கேட்டது. காய்கறிக்காரம்மாவுக்கு இந்த அமைதி பிடித்துவிட்டது. கூடையில் சாய்ந்து வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்ணே," என்றாள், "அண்ணி எப்ப வர்றாங்க?"

அவர் கை தானாக விசைப்பிடியை முறுக்கியது. என்ஜின் வேகமெடுத்தது. சத்தம் மட்டும் கூடவில்லை. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இன்னும் பாதி ஆறு இருந்தது.

"வரமாட்டாம்மா," என்றார்.

படகில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.